புருசெத்தில் ஒரு சனிக்கிழமை: மடியில் ஒரு கிட்டார், காலில் ஒரு கிட்டார்

ஒஸ்லோ நகர நடுவில் யேர்ன்பானேதொர்கெத் நிலையத்தில் இரண்டாம் இலக்கச் சுரங்க ரயிலைப் பிடித்தால், ஏறத்தாழ இருபது நிமிடத்தில் புருசெத். கடைசி நிலையத்துக்கு முந்தின நிலையம். 1978இல் திறந்தது, நிலத்துக்கு அடியில் இருக்கிறது. வெளியே வந்தால் ஐக்கிய நாடுகள் சபையின் முதலாவது பொதுச்செயலாளர் த்ரிக்வே லீயின் பெயரில் ஒரு சதுக்கம், பக்கத்தில் கடைத்தொகுதி, நூலகம். அதற்கு அப்பால் எழுபதுகளில் கட்டின மாடிக் குடியிருப்புகள், இங்கே நாங்கள் எல்லாரும் 'புளொக்' என்று சொல்லுபவை. அதில் ஒன்றின் முதலாம் மாடியில்தான் நான் வளர்ந்தேன். அப்பாவும் அம்மாவும் இன்றைக்கும் அங்கேதான்.

போன மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வேலையில் இருக்கும்போது அப்பா போன் எடுத்தார். வேலை நேரத்தில் அவர் எடுக்கிறதில்லை. பயந்துபோய்த்தான் கதைத்தேன்.

"பிள்ளை, கீழ வாசல்ல ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கு. மூண்டாம் மாடிக் கிழவர் வீடு மாறப்போறாராம். அவற்ரை பழைய ஸ்டீல் கிட்டாரை விக்கிறார். வாங்க ஆக்கள் வந்து பாப்பினம். நீ அவரோட கதைச்சு என்ரையையும் சேத்து வித்துப்போடு."

"ஏன் அப்பா?"

"கட்டிலுக்குக் கீழ கிடந்து தூசிதானே பிடிக்குது."

இரண்டு வருசத்துக்கு முதல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும். இப்போது நடக்கிறார், தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கிறார், சேட்டுப் பொத்தானைப் பூட்ட மட்டும் அம்மா வேணும். கிட்டாரை அவர் ஒரே ஒரு தரம் எடுத்துப் பார்த்தார். பிறகு தொடவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் கதைப்பதும் இல்லை.

அதனால், சரி, வித்துவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் சனிக்கிழமை காலை எட்டு வயது மகனையும் கூட்டிக்கொண்டு புருசெத்துக்குப் போனேன்.

தொள்ளாயிரம் குரோனர் கிட்டார்

அப்பா யாழ்ப்பாணத்தில் எழுபதுகளில் ஹவாய் கிட்டார் பழகினவர். பெரியப்பா முறையான ஒருவர் சாதாரண மரக் கிட்டாரில் தந்திகளை உயர்த்திக் கட்டி, மடியில் படுக்கவைத்து வாசிப்பாராம். ரேடியோவில் கேட்கிற பாட்டுகளை அப்படியே இழுத்துக் காட்டுவாராம். அந்தக் கிட்டார் ஊரோடு போய்விட்டது. 1986இல் அப்பா நோர்வே வந்து, வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார். நான் பிறந்ததும் அங்கேதான். எங்களைப் போன்ற எத்தனையோ குடும்பங்கள் அங்கே மீன் வெட்டிச் சேர்த்த காசோடு பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கி வந்தன. நாங்கள் வந்தது 1994இல்.

1997இல் ஒஸ்லோவில் ஒரு பழைய சாமான் கடையில் அப்பா ஒரு கிட்டாரைக் கண்டார். மண்ணிறமும் பழுப்புமாக, கழுத்தும் உடம்பும் ஒன்றாகத் துடுப்பு மாதிரி. விலை 900 குரோனர். அம்மா ஒரு கிழமை அப்பாவோடு கதைக்கவில்லை என்பது எனக்கு நல்ல ஞாபகம்.

அது கிப்சன் நிறுவனத்தின் பிஆர்-9. 1947 முதல் 1959 வரை, பழகுகிறவர்களுக்கென்று மலிவாகச் செய்த மடி கிட்டார். பெயரில் இருக்கிற இரண்டு எழுத்தும் அதற்கு உருவம் வரைந்த சிகாகோ வடிவமைப்பு நிறுவனமான பார்ன்ஸ் அண்ட் ரைனக்கியைக் குறிக்கும். ஆறு தந்தி. தந்தியின் அதிரும் நீளம் 22.5 அங்குலம். ஒரே ஒரு பிக்கப், கிப்சனின் பேர்பெற்ற பி-90 வகை. அவ்வளவுதான். பழகுகிற ஆளுக்கு விற்ற சாமான் என்றாலும், அந்தப் பிக்கப்பினால் அதன் குரல் மலிவில்லை.

ஹவாயில் இருந்து எங்கள் வீட்டுக்கு

எங்கள் பிள்ளைகள் இதைப் பார்த்தால் "இது என்ன, கிட்டாரை ஏன் படுக்கப் போட்டிருக்கு" என்றுதான் கேட்பார்கள். சொல்ல ஒரு நல்ல கதை இருக்கிறது.

ஸ்டீல் கிட்டாரைக் கண்டுபிடித்தவர் ஜோசப் கெக்குக்கு என்ற ஹவாய்ப் பையன் என்று பொதுவாகச் சொல்வார்கள். 1889 அளவில், ஒவாஹு தீவில் கமேஹமேஹா பள்ளியில் படித்தபோது. ஆனால் ஹவாயிலேயே இன்னொரு கதையும் உண்டு. கேப்ரியல் டேவியன் என்று ஒரு இளைஞன், இந்தியாவில் பிறந்து, ஒரு கப்பல் கப்டனால் கடத்தப்பட்டு ஹொனலூலுவுக்கு வந்து சேர்ந்தவன், கெக்குக்குவுக்கு முன்பே தந்தியில் பொருளை வழுக்கி வாசித்துக் காட்டினான் என்பது. எது முதல் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எங்களுக்கு அந்த இரண்டாவது கதை அவ்வளவு ஆச்சரியம் தராது. தந்தியில் கட்டையை வழுக்கி வாசிக்கிற கோட்டுவாத்தியம் எங்கள் இசையிலேயே இருக்கிறது. சித்திரவீணை என்றும் சொல்வார்கள். 21 தந்தி, மெட்டு ஒன்றும் கிடையாது. கோட்டுவாத்தியம் நாராயண ஐயங்காரும் அவருடைய பேரன் ரவிகிரணும் வாசித்தது அதைத்தான்.

1915இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் ஹவாய் இசையைக் கேட்ட அமெரிக்கர்களுக்குப் பைத்தியம் பிடித்தது. 1930களில் சமோவா, ஹவாய்ப் பின்னணி கொண்ட டாவ் மோ குடும்பம் உலகம் சுற்றிக்கொண்டிருந்தது. 1940களில் டாவ் மோ கல்கத்தாவில் தங்கிக் கற்பித்தார். வங்காளத்தில் ஹவாய் கிட்டார் வீட்டு வாத்தியம் ஆகி, ரவீந்திர சங்கீதமே அதில் வாசித்தார்கள். பிரிஜ் பூஷண் கப்ரா அதை இந்துஸ்தானி மேடைக்கு ஏற்றினார். விஷ்வ மோகன் பட் தன் மோகன வீணையோடு 1994இல் கிராமி விருதே வாங்கினார். அப்பாவின் பெரியப்பா யாழ்ப்பாணத்தில் மரக் கிட்டாரை மடியில் போட்டதும் இந்தப் பெரிய அலையின் ஒரு சின்னத் துளிதான்.

மின்சாரம் எங்கே வந்தது? உலகில் முதல் முதல் விற்பனைக்கு வந்த மின்கிட்டாரே மடி கிட்டார்தான். 1932இல் வந்த ரிக்கன்பேக்கர் 'ஃபிரையிங் பான்'. பொரிக்கிற தாச்சி மாதிரி வட்ட உடம்பு, நீட்டுக் கழுத்து, முழுவதும் அலுமினிய வார்ப்பு. மேடை விளக்குச் சூட்டில் அலுமினியம் விரிந்து சுருதி போய்விடும் என்பது அதன் குறை. லியோ ஃபெண்டர் என்ற பெயரைக் கேட்டவுடன் எல்லாருக்கும் ரொக் கிட்டார் ஞாபகம் வரும். அவரும் 1945இல் தொடங்கியது மடி கிட்டாரும் ஆம்பும் செய்துதான்.

மடியில் இருந்தது ஏன் கால் முளைத்து 'கொன்சோல்' ஆனது? ஸ்டீல் கிட்டாரில் விரலால் தந்தியைத் தனித்தனியாக அழுத்த முடியாது. ஒரே நேரான உருக்குக் கட்டைதான். அதனால் தந்திகளை என்ன சுருதியில் கட்டுகிறோமோ அந்தச் சேர்க்கைதான் கிடைக்கும். வேறு சேர்க்கை வேணும் என்றால் வேறு சுருதியில் கட்டின இன்னொரு கழுத்து வேணும். இரண்டு, மூன்று, நான்கு கழுத்து என்று கூட்டினார்கள். பாரம் மடிக்கு அதிகமானது. நான்கு கால் பூட்டினார்கள். அவ்வளவுதான் வித்தியாசம் என்றுதான் நானும் அன்றுவரை நினைத்திருந்தேன்.

மூன்றாம் மாடியில்

அப்பாவை லிப்டில் மேலே கூட்டிப்போனேன். ஒரு கையில் பிஆர்-9 பெட்டி, மறு கையில் மகன். கதவைத் திறந்த முதியவருக்கு எண்பது தாண்டிவிட்டது. இளம் வயதில் நடன இசைக்குழு ஒன்றில் வாசித்தவராம். முப்பது வருசம் ஒரே வாசலில் ஏறி இறங்கியிருக்கிறோம். அவர் கிட்டார் வாசிப்பது எங்களுக்குத் தெரியாது. அப்பா வாசிப்பது அவருக்குத் தெரியாது.

வரவேற்பறை நடுவில் நின்றது ஃபெண்டர் ஸ்ட்ரிங்மாஸ்டர். 1953இல் அறிமுகமான வகை. இரண்டு கழுத்து, ஒவ்வொன்றிலும் எட்டுத் தந்தி. பின் கழுத்து ஒரு படி உயரமாக இருக்கும், முன்னால் இருப்பதில் கை இடிக்காமல் இருக்க. இது 24.5 அங்குல நீளம். 22.5, 26 அங்குலத்திலும் செய்தார்கள். அவர் கேட்ட விலை 15,000 குரோனர்.

என் தொழில் மென்பொருள். இரண்டை ஒப்பிடும்போது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஒரே மாதிரி இருக்க வேணும், இல்லாட்டி எதனால் எது என்று தெரியாது. அதனால் ஒரே ஆம்ப், ஒரே கேபிள், ஒரே பார், ஒரே ஆள். வாசித்தவர் முதியவர்.

பிஆர்-9 முதலில். குரல் தடிப்பு. நடு ஒலிகள் முன்னுக்கு நிற்கின்றன. வொலியூமைக் கொஞ்சம் கூட்டினால் தொண்டை கரகரக்கத் தொடங்கும். மெலிசாக மீட்டினாலும் சத்தம் நிரம்பி வரும். ஆனால் தந்தியைத் தொடாமல் விட்டால் பின்னணியில் ஒரு 'ம்ம்ம்' இரைச்சல். ஒற்றைச் சுருள் பிக்கப் என்றால் வீட்டு மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும்.

அடுத்தது ஸ்ட்ரிங்மாஸ்டர். தெளிவு. மணி அடித்தது போல ஒலி தொடங்கி, நீண்ட நேரம் நிற்கிறது. ஒவ்வொரு தந்தியும் தனியாகக் கேட்கிறது. நாலு தந்தியைச் சேர்த்து மீட்டினாலும் குழம்பவில்லை.

அப்பா மூஞ்சியைச் சுளித்தார். "சத்தம் தண்ணி மாதிரி இருக்கு."

நான் அதைக் கொஞ்சம் மரியாதையான நோர்வேஜிய மொழியில் சொன்னேன். முதியவர் சிரித்துவிட்டு, ஓரத்தில் ஒளிந்திருந்த ஒரு சின்னச் சக்கரத்தை விரலால் உருட்டினார். ஸ்ட்ரிங்மாஸ்டரில் கழுத்துக்கு இரண்டு பிக்கப். அந்தச் சக்கரம் இரண்டாவதை எவ்வளவு கலப்பது என்று தீர்மானிக்கும். இரண்டும் எதிரெதிர் முறையில் சுற்றப்பட்டவை, அதனால் சேரும்போது இரைச்சலும் அடங்கும். சக்கரம் உருள உருள அந்தத் தண்ணீர்ச் சத்தம் பால் ஆனது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

பிறகு முதியவர் பாரை எடுத்து வைத்துவிட்டு, முன் கழுத்தின் தந்திகளை ஒவ்வொன்றாக, வெறுமனே மீட்டினார். இது சி6, ஹவாய் சுருதி என்றார்.

அப்பா தலையை ஆட்டினார். "மோகனம்," என்றார்.

நான் நின்று யோசித்தேன். சி6 என்றால் சி, ஈ, ஜி, ஏ. சியை ஸட்ஜமாக வைத்தால் ச, க, ப, த. மோகனத்தின் ஐந்து சுரங்களில் நாலு. ரிஷபம் மட்டும்தான் இல்லை. இத்தனை வருசம் அப்பா தன் கிட்டாரை ச-ப-ச-க-ப-ச என்றுதான் கட்டி வைத்திருந்தார், பெரியப்பா காட்டிக்கொடுத்தபடி. அந்தத் தைவதம் அவரிடம் வெறும் தந்தியில் இருந்ததே இல்லை.

அப்பாவே இப்போது எழும்பினார்.

மடியா, காலா

வாசிக்கிற வசதி என்பது குரலை விட வேறு விசயம். அதை அன்றைக்கு அப்பாவின் உடம்புதான் எனக்குக் காட்டியது.

முதலில் தன்னுடைய பிஆர்-9ஐ மடியில் வைத்தார். இடது தொடை அதைத் தாங்கவில்லை. கிட்டார் மெதுவாக இடப்பக்கம் சரிந்தது. சரிகிற கிட்டாரைப் பிடிக்கப் போனால் கை பாரை விட்டுவிடுகிறது. பார் தரையில் விழுந்து உருண்டது. இரண்டு வருசத்துக்கு முதலும் இதுதான் நடந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

பிறகு கொன்சோலின் முன்னால் உட்கார்ந்தார். அது அசையவில்லை. நாலு காலும் தரையில். பாரை இரண்டு கையாலும் எடுத்து இடது கையில் பொருத்தி, தந்தி மேல் வைத்தார். ஒரே தந்தியில் மெதுவாக, ச… ரி… க… என்று இழுத்தார்.

நடுங்கியது. சுருதியும் சரியாக இல்லை. ஆனால் அந்தக் காந்தாரத்தில் வந்து நின்ற விதம் அப்பாவுடையதுதான். மகன் என் கையைப் பிடித்து, "அம்மா, அம்மப்பா வாசிக்கிறார்," என்று நோர்வேஜிய மொழியில் கிசுகிசுத்தான். அவன் அதுவரை பார்த்ததே இல்லை.

வயலினோ வீணையோ என்றால் இடது கையின் ஒவ்வொரு விரலும் நுணுக்கமாக வேலை செய்ய வேணும். ஸ்டீல் கிட்டாரில் விரல்கள் பாரைப் பிடித்தால் போதும். வழுக்குகிற வேலை தோளுக்கும் முழங்கைக்கும். அப்பாவிடம் மிஞ்சி இருந்தது சரியாக அவைதான்.

இன்னொன்றையும் கவனித்தேன். பலவீனமான கை மெதுவாக வைக்காது, பாரத்தோடு விழும். அப்படி அழுத்தினால் தந்தி கீழே வளைந்து, சுருதி ஏறிவிடும். பிஆர்-9இல் மேசை மேல் வைத்து முயன்றபோது ஒவ்வொரு சுரமும் ஏறியே ஒலித்தது. ஸ்ட்ரிங்மாஸ்டரில் அது மிகக் குறைவு.

முதியவரிடம் ஒரு நாள் தவணை கேட்டுவிட்டுக் கீழே வந்தோம்.

இரவுக் கணக்கு

அன்றிரவு புருசெத்திலேயே தங்கினோம். மகன் தூங்கினபிறகு, நான் சின்ன வயதில் படித்த அதே மேசையில் கணக்குப் போட்டேன். மனம் கொன்சோலை வாங்கிவிடு என்றது. ஆனால் அது எதனால் அப்பாவுக்கு உதவியது என்று தெரியாமல் 15,000 குரோனர் கொடுக்க விருப்பமில்லை.

நீளமான தந்தியில் சுரத்தின் இடம் அகலமாக இருக்கும், அதனால் சுலபம் என்று பொதுவாகச் சொல்வார்கள். போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டாவது கோட்டில் பார் ஒரு மில்லிமீற்றர் விலகினால், 22.5 அங்குலத்தில் ஒரு அரைச்சுரத்தின் நூறு பங்கில் ஏறத்தாழ 6 பங்கு பிசகும். 24.5 அங்குலத்தில் 5.6 பங்கு. காதுக்கு இந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை.

இழுவிசை அப்படியில்லை. ஒரே தந்தியை ஒரே சுருதிக்கு ஏற்றினால், இழுவிசை நீளத்தின் வர்க்கத்தோடு கூடும். 24.5ஐ 22.5ஆல் பிரித்து வர்க்கம் எடுத்தால் 1.19. அதாவது கொன்சோலின் தந்தி ஏறத்தாழ 19 வீதம் கூடுதல் விறைப்பு. அப்பாவின் பாரமான கையைத் தாங்கினது அதுதான்.

அப்படியென்றால் விறைப்பை வேறு வழியிலும் கூட்டலாம். இழுவிசை தந்தியின் தடிப்பின் வர்க்கத்தோடும் கூடும். 0.015 அங்குலத் தந்திக்குப் பதிலாக 0.016 போட்டால் 14 வீதம் ஏறும். ஒரு கட்டுத் தந்தியின் விலை இருநூறு குரோனர் கூட வராது.

சரிவுக்கு என்ன மருந்து? ஒரு தாங்கி. மகனின் கீபோர்ட் தாங்கி எங்கள் வீட்டில் சும்மா மடித்துக் கிடக்கிறது. அதை ஆகக் கீழ்ப்படிக்கு இறக்கி, மேலே ஒரு பலகை, பலகை மேல் கம்பளத்துக்குக் கீழே போடுகிற வழுக்காத ரப்பர் விரிப்பு. கொன்சோலின் நாலு காலும் அதில் வந்துவிடும். சுருதியை மோகனத்துக்கு, அதாவது சி6க்கு, மாற்றலாம். அதற்கு எப்படியும் புதுத் தந்தி வேணும்.

இவ்வளவையும் எழுதினபிறகு ஒன்று தெரிந்தது. வாசிக்கிற வசதியில் பெரும் பங்கை மாற்றலாம்: தந்தி, உயரம், தாங்கி, பார், கதிரை. குரலை அப்படி மாற்ற முடியாது. அது பிக்கப்பிலும் மரத்திலும் இருக்கிறது. அப்பாவுக்கு எந்தக் குரல் பிடிக்கும் என்பது அவர் மூஞ்சியைச் சுளித்தபோதே தெரிந்துவிட்டது. சக்கரத்தை உருட்டினபிறகு கொன்சோலை அவர் ஏற்றுக்கொண்டார். பிஆர்-9 குரலை ஏற்றுக்கொள்ளத் தேவையே இல்லை. அது இருபத்தெட்டு வருசமாக அவருடைய குரல்.

காலையில் அம்மா தேத்தண்ணி ஊத்தும்போது அப்பாவிடம் சொன்னேன். "அப்பா, மேல இருக்கிறதை வாங்கேல்லை. உங்கட கிட்டாரையும் விக்கேல்லை."

"பிறகு?"

"உங்கடைக்குக் கால் பூட்டப் போறன்."

அவர் கொஞ்ச நேரம் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தத் தைவதம் வருமோ?" என்றார்.

"வரும்."

உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால்

இதை வாசிக்கிற பலருடைய வீட்டிலும் பெற்றோர் தூக்கி வைத்த ஒரு வாத்தியம் இருக்கும். ஸ்டீல் கிட்டார் என்றில்லை, ஹார்மோனியம், புல்புல்தாரா, வயலின் எதுவாகவும் இருக்கலாம். ஸ்டீல் கிட்டார் பற்றி நான் தெரிந்துகொண்டதை மட்டும் சொல்கிறேன்.

பழைய மடி கிட்டார் வாங்குவதாக இருந்தால் முதலில் பிக்கப்பையும் சுருதி முறுக்கிகளையும் பாருங்கள். வண்ணம் உரிந்திருந்தால் பரவாயில்லை. அழகுக்காகத் திரும்பப் பூசினதுக்குத்தான் மதிப்பு குறையும். மெட்டுக் கட்டை கிடையாது, கோடுகள் மட்டுமே, அதனால் தேய்வதற்கு அதிகம் ஒன்றுமில்லை.

பழைய அமெரிக்க ஆம்ப் சேர்ந்து வந்தால் நேரே சுவரில் குத்த வேண்டாம். அது ஏறத்தாழ 117 வோல்ட்டுக்குச் செய்தது, ஐரோப்பாவில் 230. இடையில் மின்மாற்றி வேணும்.

எங்கள் குளிரில் வெளியே இருந்து கொண்டுவந்தால் அரை மணி நேரம் பெட்டிக்குள்ளேயே விடுங்கள். உடனே திறந்தால் உலோகத்தில் ஈரம் படியும், சுருதியும் ஓடும்.

பிள்ளைக்கோ, கை தளர்ந்த பெரியவருக்கோ உருண்டைப் பாரை விட, பக்கத்தில் பள்ளம் வெட்டின 'ஸ்டீவன்ஸ்' வகைப் பார் நல்லது. விரல் பள்ளத்தில் உட்காரும், நழுவாது. பாரைக் கோட்டுக்கு நேர் மேலே வையுங்கள், சாதாரண கிட்டாரில் விரல் வைப்பது போலக் கோட்டுக்குப் பின்னால் அல்ல. கண்ணும் அதற்கு நேர் மேலே இருக்க வேணும். பக்கத்தில் இருந்து பார்த்தால் கோடு ஏமாற்றும்.

மடியா, கொன்சோலா என்று கேட்டால்: ஒரு குரலில் பாடுவது போல வாசிக்க, ராகம் இழுக்க, மடி கிட்டார் தாராளம். பல சுருதிகளில் பாட்டுக்குப் பாட்டு மாற்றி, சேர்க்கைகளோடு வாசிக்க ஆசை என்றால் கொன்சோல். இடம் பிடிக்கும், பாரமும் கூட.

பங்குனி

முதியவரின் ஸ்ட்ரிங்மாஸ்டரை வேறு நகரத்தில் இருந்து வந்த ஒரு இளம் பெண் வாங்கிப்போனாள். அவர் வீடு மாறுகிற நாளில், நாங்கள் பெட்டிகளை இறக்க உதவினோம். கடைசியாக ஒரு சின்ன உறையை அப்பாவின் கையில் வைத்தார். உள்ளே ஒரு ஸ்டீவன்ஸ் பார், பக்கம் தேய்ந்து பளபளத்தது. அப்பா பதிலுக்கு அம்மா செய்த பயத்தம் பணியாரம் ஒரு டப்பா கொடுத்தார். இரண்டு பேரும் வாசலில் கனநேரம் நின்றார்கள். அதிகம் பேசவில்லை.

அப்பா இப்போது ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் வாசிக்கிறார். அதற்கு மேல் தோள் நோகிறது. பழைய மாதிரி வராது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். சில நாள் பாரைக் கோபத்தோடு வைத்துவிட்டு எழும்பிவிடுகிறாராம். அடுத்த நாள் திரும்ப உட்காருகிறாராம். அம்மா சொன்னது.

மகன் போன கிழமை கிட்டாரின் கோடுகளுக்குப் பக்கத்தில் சின்ன நிற ஸ்டிக்கர்களை ஒட்டி, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பழகின எழுத்தில் ச, ரி, க, ப, த என்று எழுதிவிட்டான். 'ரி'யின் விசிறியைத் தவறான பக்கம் போட்டிருந்தான். நான் உரிக்கப் போனேன்.

"விடு பிள்ளை," என்றார் அப்பா. "எனக்கும் அது தேவைதான்."